அப்பாவின் பியட்டும் ஒரு மின்மணியும்



போன வாரம் வடுவூர் ஏரிக்கரையில் ஒரு நீல நிறக் காருக்குப் பக்கத்தில் நான் நிற்கிற படத்தைப் போட்டிருந்தேன். "சார், எந்தப் படத்துக்கு ஷூட்டிங்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "பென்ஷன் அரியர் வந்துடுச்சா சார்?" என்று இன்னொருவர். 92ஆம் வருட பேட்ச் குழுவில் நான் கார் வியாபாரம் தொடங்கிவிட்டதாகவே பேச்சு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதக் கண் ஒத்துழைக்கவில்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும். 45 நிமிஷ பீரியடுக்கே மணி அடித்த பிறகும் விடாதவன் நான் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த வண்டி என் அப்பாவுடையது. 1976ஆம் வருட பிரீமியர் பத்மினி. அப்பா எல்.ஐ.எம். படித்த டாக்டர். மன்னார்குடியைச் சுற்றி உள்ளிக்கோட்டை, பரவாக்கோட்டை, திருமக்கோட்டை, கோட்டூர் வரை ராலே சைக்கிளிலும், மழைக்காலத்தில் யாராவது அனுப்பும் கூண்டு வண்டியிலும் போய் வைத்தியம் பார்த்தவர். 50 வயதில்தான் அவருக்கு ஒரு கார் வந்தது. அந்தக் காலத்தில் பணம் கையில் இருந்தாலும் கார் கிடைத்துவிடாது. முன்பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். திருச்சியிலிருந்து வண்டி வந்து இறங்கிய அன்று அம்மா ஆரத்தி எடுத்தாள். எனக்கு 15 வயது.

பம்பாய் குர்லாவில் செய்த வண்டி. இத்தாலிக்காரர்களின் பியட் 1100தான் மூலம். 1972இல் 'பிரீமியர் பிரெசிடென்ட்' என்று பெயர் மாற்றினார்கள், 1974இல் 'பத்மினி' ஆக்கினார்கள். எங்கள் தெருவில் யாரும் பத்மினி என்று சொன்னதில்லை. எல்லாருக்கும் அது பியட்டுதான். சித்தப்பா மட்டும், "நடிகை பேர்ல கார் வாங்கியிருக்கான் எங்கண்ணன்" என்று கிண்டல் செய்வார்.

1999இல் அப்பாவுக்குக் கண்ணில் புரை முற்றியது. ஒரு சாயங்காலம் வண்டியைக் கொல்லைக் கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சாவியை என் கையில் கொடுத்தார். "வாரத்துக்கு ஒரு தடவையாவது ஸ்டார்ட் பண்ணி வைடா, பேட்டரி படுத்துடும்" என்றார். "ஞாயிற்றுக்கிழமை பாக்கறேம்பா" என்றேன். விடைத்தாள், தேர்வுப் பணி, வாக்காளர் பட்டியல், மக்கள் தொகைக் கணக்கு என்று எத்தனையோ ஞாயிறு போயிற்று. நான் ஸ்டார்ட் செய்தது மொத்தம் நான்கு தடவை இருக்கலாம். அப்பா தினமும் சாயங்காலம் கொட்டகைக்குப் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, பேப்பரை மடியில் வைத்துக்கொண்டிருப்பார். புரை எடுத்த பிறகும் ஓட்டவில்லை, உட்கார்வதோடு சரி. 2003இல் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. விறகு, பழைய சைக்கிள், தென்னை மட்டை எல்லாம் வண்டியைச் சுற்றி ஏறிக்கொண்டன.

2018 நவம்பரில் கஜா வந்தது. அந்த இரவை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. எங்கள் கொல்லையில் 11 தென்னை சாய்ந்தது, அதில் ஒன்று கொட்டகை மேல். விடிந்து போய்ப் பார்த்தால் ஓடும் கழியும் காரின் கூரை மேல் கிடந்தன. கூரை நடுவில் ஒரு தொட்டி மாதிரிக் குழி. முன் கண்ணாடி கற்கண்டு போல நொறுங்கி சீட் முழுக்கக் கொட்டியிருந்தது. அன்றைக்கு வீட்டுக் கூரைக்கே வழியைக் காணோம், காரை யார் பார்த்தார்கள்? ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடியதோடு சரி. அடுத்த வருஷம் ஓய்வு பெற்றேன். அதற்கடுத்து கொரோனா.

2020 கடைசியில் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வந்து எடை போட்டு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். என் மனைவிக்குச் சம்மதம். தம்பிக்கும் சம்மதம். கொல்லையில் பாம்பு சேர்கிறது என்பது அவர்கள் வாதம், நியாயமான வாதம். வியாபாரி வரும் முன் டேஷ்போர்டு அறையைத் திறந்து காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு குறிப்பு நோட்டு கிடைத்தது. பாதி எலி தின்றிருந்தது. அப்பாவின் கையெழுத்தில் தேதி, ஊர், கிலோமீட்டர், போட்ட பெட்ரோல். சில பக்கங்களில் 'இரவு 2 மணி, பிரசவம், பணம் வேண்டாம்' என்று ஓரத்தில் குறிப்பு. கடைசிப் பதிவு 1999இல், கோட்டூர் போய் வந்தது. அதன் கீழே பென்சிலால், 'பாயின்ட் சுத்தம் செய்ய வேண்டும்.'

வியாபாரியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வீட்டில் இரண்டு நாள் பேச்சு இல்லை.

யாரிடம் கொடுப்பது? டவுனில் பெரிய பட்டறைகளில் இரண்டு பேர் வந்து பார்த்து, சிரித்துவிட்டுப் போனார்கள். அப்போதுதான் ஒருவர் தானாகவே வந்தார். 94இல் நம் பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்தவர். படித்தவர் என்றால், அறிவியலிலும் கணக்கிலும் தவறிவிட்டு, பிறகு திருவாரூரில் ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, ஷார்ஜாவில் 10 வருஷம் இருந்துவிட்டு வந்து, இப்போது ஊர்க்கோடியில் சின்னதாகப் பட்டறை போட்டிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நேரில் 'வாடா, போடா' என்றுதான் பேசுகிறேன். எழுதும்போது அப்படி வரவில்லை.

தார்ப்பாயை விலக்கி, வண்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். குனிந்து கதவுக்குக் கீழே இருக்கும் பட்டையை ஸ்குரூ டிரைவரால் குத்தினார். அப்பளம் மாதிரி உள்ளே போயிற்று.

"இந்த வண்டிக்குத் தனியா சேஸிஸ் கெடையாது சார். பாடிதான் சேஸிஸ். இந்தக் கீழ்ப்பட்டையும் தரையும் போச்சுன்னா முதுகெலும்பு போன மாதிரி. இன்ஜினை அப்பறம் பாக்கலாம், முதல்ல இது."

"எவ்வளவு ஆகும்?"

"நான் வந்து செஞ்சா நிறைய ஆகும். நீங்க செஞ்சா கம்மி. நான் சாயங்காலம் வந்து சொல்லிக் கொடுக்கறேன், பகல்ல நீங்க கழட்டுங்க சார்."

"எனக்கு என்னடா தெரியும்? எதையாவது உடைச்சுட்டேன்னா?"

"உடைஞ்சா பாத்துக்கலாம் சார்."

இந்த வார்த்தையை நான் அன்றைக்குச் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

2021 பொங்கல் முடிந்து ஆரம்பித்தோம். முதல் மூன்று மாதம் கழற்றுவது மட்டும்தான் வேலை. ஒவ்வொரு போல்ட்டுக்கும் முதல் நாள் ராத்திரி மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து விட்டு, மறுநாள் காலையில் ஸ்பேனர் போட வேண்டும். கழற்றியதைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டு, எந்த இடம் என்று சீட்டு எழுதி ஒட்டினேன். 31 வருஷம் ஆய்வகப் பொருளுக்குச் சீட்டு ஒட்டிய கை. 64 பாட்டில் ஆயிற்று. ஊறுகாய் போட பாட்டில் இல்லை என்று வீட்டில் தனி வழக்கு.

டிங்கர் வேலையை வேடிக்கை பார்த்ததில் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். தரையை வெட்டி எடுப்பதற்கு முன்னால் கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துத் தற்காலிகமாக வெல்டு பண்ணினார். ஏன் என்று கேட்டேன். "கீழ்ப்பட்டையை எடுத்துட்டா வண்டி நடுவுல தொய்ஞ்சுடும் சார். அப்பறம் புதுப் பட்டை வெச்சு ஒட்டினா தொய்ஞ்ச மாதிரியே நின்னுடும், கதவு ஜென்மத்துக்கும் சேராது." விசை, திருப்புத்திறன், தாங்கு புள்ளி என்று கரும்பலகையில் உத்திரம் உத்திரமாக வரைந்தவன் நான். இது எனக்குத் தோன்றவில்லை.

பெயின்டைச் சுரண்டியபோது 88இல் அடித்த வெள்ளைக்குக் கீழே முதல் நிறம் வந்தது. இளநீலம். கதவின் உட்பக்க மடிப்பில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு அந்த நீலம் புதிதாகவே இருந்தது. வெள்ளை அடிக்கச் சொன்னது அம்மா, ராத்திரியில் தெரியும் என்று. அம்மாவும் இப்போது இல்லை. நீலம் என்று முடிவு செய்தோம்.

பெட்ரோல் டாங்கில் 22 வருஷத்துப் பெட்ரோல் வார்னிஷ் மாதிரி இறுகியிருந்தது. உள்ளே துரு. டாங்கைக் கழற்றி, கூழாங்கல்லும் துண்டுச் சங்கிலியும் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துக் குலுக்க வேண்டும். நானும் பேரனும் ஒரு மே மாதம் முழுக்கக் குலுக்கினோம். அடியில் ஊசி ஓட்டை இரண்டு. அதை அடைக்கப் பற்றவைக்கும் முன் டாங்கைப் பல தடவை கழுவி, வேலை செய்யும் இடம் தவிர மீதிக்குத் தண்ணீர் நிரப்பி வைத்தார். காலி டாங்க்தான் வெடிக்கும், நிறைந்த டாங்கை விடக் காலி டாங்குக்குத்தான் பயப்பட வேண்டும் என்றார். பெட்ரோல் ஆவியும் காற்றும் கலப்பதுதான் வெடிக்கும் என்று பாடத்தில் உண்டு. அதைக் கேட்டுவிட்டுப் பத்தடி தள்ளி நின்றேன்.

இன்ஜின் இறுகிக் கிடந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக நான்கு சிலிண்டரிலும் டீசலும் ஆயிலும் ஊற்றி, 11 நாள் ஊற வைத்தோம். பிறகு பின் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, டாப் கியரில் போட்டு, சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினோம். 12ஆம் நாள் ஒரு மயிரிழை நகர்ந்தது. நான் கத்தியதைக் கேட்டுப் பக்கத்து வீட்டம்மா பாம்பு என்று நினைத்து ஓடி வந்தாள். 1,089 சி.சி. இன்ஜின்தான், இன்றைய சின்னக் கார் அளவு. தஞ்சாவூர் லேத்தில் போர் செய்து, 0.4 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டியிருந்தது. பிஸ்டனுக்குச் சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தேன். பம்பாயில் டாக்ஸியாக ஓடிய பத்மினிகள் இருந்தவரை உதிரி பாகம் ஏதோ ஒரு வழியில் கிடைத்துக்கொண்டிருந்தது. கடைசி டாக்ஸியும் 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றுவிட்டது. டி.வி.யில் அந்தச் செய்தியைப் பார்த்தபோது, உடன் வேலை பார்த்தவர் ரிட்டயர்மென்ட் விழா மாதிரி இருந்தது எனக்கு.

இங்கே என் பிழையையும் சொல்ல வேண்டும். இன்ஜினைப் பூட்டிய பிறகு, பிளக்குகளை நானே மாட்டுகிறேன் என்றேன். இந்த வண்டியின் சிலிண்டர் ஹெட் அலுமினியம். பிளக்கைக் கையால் திருகிக் கடைசியில் மட்டும் ஸ்பேனர் போட வேண்டும். எனக்குப் பலம் காட்டும் ஆசை. மூன்றாவது பிளக் சற்றுக் கோணலாக ஏறியதை ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். மெதுவாக, வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி, மரை வழுக்கிற்று. அந்த ஹெட்டைத் தேட எட்டு மாதம் ஆகியிருந்தது. வியர்த்துவிட்டது எனக்கு. சாயங்காலம் அவர் வரும்வரை திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். மாதத் தேர்வுத் தாளில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கப் போகிற பையன் மாதிரி.

வந்தார், டார்ச் அடித்துப் பார்த்தார். "விடுங்க சார். இது எல்லார் கையிலயும் போறதுதான். ஷார்ஜாவுல நான் ரெண்டு ஹெட்டைக் காலி பண்ணியிருக்கேன். கழட்டுங்க, லேத்துல இன்சர்ட் போட்டுக்கலாம்." அவ்வளவுதான். மறுநாள் அதே ஹெட்டைத் திரும்பவும் என்னையே கழற்ற வைத்தார். போட்டு முடித்ததும் நான்கு பிளக்கையும் என்னையே மாட்டச் சொன்னார். பக்கத்தில்கூட நிற்கவில்லை, டீ குடிக்கப் போய்விட்டார்.

பிரேக்கைப் பற்றி எழுதாவிட்டால் என் மனசு ஆறாது. பாஸ்கல் விதி. மூடிய கலத்தில் உள்ள திரவத்தின் மீது செலுத்தப்படும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும். பயன்பாடு, நீரியல் தடை. இதைச் சொல்லாமல் உங்களில் யாரும் தப்பியிருக்க முடியாது, படம் வரைந்தால் 2 மதிப்பெண். சரி, பைப்புக்குள் கொஞ்சம் காற்று புகுந்துவிட்டால்? திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். மிதித்த மிதி எல்லாம் காற்றை அமுக்குவதிலேயே போய்விடும், சக்கரத்துக்குப் போகாது. பெடல் பஞ்சு மாதிரி இறங்கும். அதனால் காற்றை வெளியேற்ற வேண்டும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் ஆரம்பித்து, நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி, மறுமுனையை பிரேக் ஆயில் இருக்கும் பாட்டிலில் முக்கி வைத்து, ஒருவர் மிதிக்க ஒருவர் திறக்க வேண்டும்.

"மிதிங்க சார்... மிதிங்க... பிடிச்சுக்கங்க, விடாதீங்க. ம்... இப்ப விடுங்க."

நான் மிதிக்கிறேன், அவர் வண்டிக்குக் கீழே. பாட்டிலில் குமிழி வந்துகொண்டே இருக்கிறது. 20 தடவை, 30 தடவை. திடீரென்று காலுக்கடியில் பெடல் கெட்டியானது. அந்தக் கெட்டித்தனத்தைக் காலில் உணர்ந்தபோது, 31 வருஷம் நான் சொல்லிக் கொடுத்தது என்னவென்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. கீழேயிருந்து அவர், "இதுதான சார் பாஸ்கலு?" என்றார். சிரிப்பு வந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

வயரிங் மட்டும் என் தனி ராஜ்ஜியம். எலி ஒன்றையும் விட்டு வைக்கவில்லை. பழைய சார்ட் அட்டையின் பின்பக்கம் முழுச் சுற்றையும் வரைந்து, கலர் கலராகக் கோடு போட்டு, கொட்டகைச் சுவரில் மாட்டினேன். அதைப் பார்த்து அவர், "இது அழகா இருக்கு சார்" என்றார். யாரிடமும் வாங்காத பாராட்டு.

இனி அந்த நாள். 2023 பிப்ரவரி. எல்லாம் பூட்டியாயிற்று, வண்டி பிடிக்கவில்லை. பெட்ரோல் வருகிறது, பேட்டரி புதிது, பிளக்கில் பொறி மட்டும் சரியாக இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள், பாயின்ட் என்பது அதுதான். சுழலும் அச்சு அதைத் திறந்து திறந்து மூடும். திறக்கும் ஒவ்வொரு தடவையும் காயிலில் மின்சாரம் அறுபடும், அறுபடும் அந்தக் கணத்தில்தான் மறு சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் தூண்டப்பட்டு பிளக்கில் பொறியாக விழும். மேல்நிலை வகுப்பில் தூண்டு சுருள் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். பாயின்ட்டின் முகம் கருத்துக் கிடந்தது. அப்பா பென்சிலால் எழுதி வைத்த அதே வேலை. அதைத் தேய்க்க எமரி பேப்பரை மடித்தபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"அந்த மணியிலயும் இதேதான் சார்."

"எந்த மணி?"

"நம்ம லேப்புல இருந்த கரென்ட் மணி. அதுலயும் இதே மாதிரி ஒரு பாயின்ட் இருக்கும்ல? அது கரி பிடிச்சிருந்தது. அதான் அடிக்கல. நான் தேய்ச்சுட்டு மாட்டறதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

எனக்கு ஒன்றும் நினைவு வரவில்லை. உண்மையாகவே வரவில்லை. அவர்தான் சொன்னார், கோபமாக இல்லை, ஏதோ ஊர்ச்செய்தி சொல்கிற மாதிரி. பத்தாம் வகுப்பில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், பீரோ திறந்திருந்ததைப் பார்த்து மின்மணியை எடுத்துக் கழற்றியிருக்கிறார். நான் வந்து பார்த்திருக்கிறேன். ஸ்கேலால் விரல் முட்டியில் நாலு. "கை வெச்சா உடைச்சுடுவே, உனக்கெதுக்குடா இதெல்லாம்" என்றிருக்கிறேன். பிறகு அந்த வருஷம் முழுக்க அவரை ஆய்வகத்துக்குள் விடவில்லையாம். மற்றவர்கள் செய்முறை செய்யும்போது வராந்தாவில் நிற்பாராம்.

"அடிச்சேனா?"

"அடி என்ன சார், அப்ப எல்லா சாரும் அடிப்பாங்க. உள்ள விடலைங்கறதுதான்..." என்றவர் நிறுத்திக்கொண்டார். பாயின்ட் நடுவில் சிகரெட் அட்டைத் துண்டைச் செருகி இடைவெளி பார்த்தார். "இப்ப அடிங்க சார்" என்றார். ஒரு கணம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல்ஃப் அடிக்கச் சொல்கிறார்.

அடித்தேன். இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்கப் புகை. என் மனைவி அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து, வாசல்படியில் நின்று அழுதாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு அவள் வந்து இறங்கியது இந்த வண்டியில்தான். அதை நான் மறந்தே போயிருந்தேன்.

அன்று ராத்திரி தூக்கம் இல்லை. அந்த மணியை நினைத்துக்கொண்டே இருந்தேன். அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கு ஸ்டாக் ரிஜிஸ்டர் பயம் தெரியும். ஒரு பொருள் உடைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும், சம்பளத்தில் பிடிப்பார்கள். அதனால் பீரோவைப் பூட்டினேன். காட்டினேன், தொட விடவில்லை. இதைக் காரணமாகச் சொல்லலாம்தான். ஆனால் நன்றாகப் படித்த நாலைந்து பேருக்குச் சாவி கொடுத்தேனே? அவர்கள் கையிலும் டெஸ்ட் டியூப் உடைந்ததே? அந்தப் பையனின் பெயருக்கு எதிரே நான் என்ன எழுதினேன் என்று பார்க்கலாமென்றால் அந்த ரிஜிஸ்டர் இப்போது எங்கே இருக்கிறதோ. அந்த மணி 'பழுது' என்று கழிக்கப்பட்ட பட்டியலில் போனது மட்டும் எனக்கு மங்கலாக நினைவு இருக்கிறது. கரி பிடித்த ஒரு புள்ளிக்காக.

மறுநாள் அவரிடம் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது எங்கள் இருவரோடு இருக்கட்டும். "சார், பிரேக் ஆயில் பெயின்ட்ல சொட்டுது பாருங்க, பெயின்ட்டைத் தின்னுடும்" என்று என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி வைத்தார். வராந்தாவில் நின்ற வேறு சிலரும் இதைப் படிக்கக்கூடும். உங்கள் முகங்கள் எனக்கு நினைவில்லை என்பதுதான் இதில் கஷ்டமான விஷயம். நினைவிருந்தால் எழுதுங்கள், இங்கேயே கமென்ட்டில் எழுதினாலும் சரி.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்.சி. அப்பா பெயரில் இருந்தது. வாரிசுச் சான்றிதழ், உடன்பிறந்தவர்களின் ஆட்சேபனை இல்லாக் கடிதம், பெயர் மாற்றம், பதிவுப் புதுப்பிப்பு, பசுமை வரி என்று ஒவ்வொன்றாக முடிய பல மாதம். புதுப்பிப்புக் கட்டணமே 2022 ஏப்ரலில் 600லிருந்து 5,000 ஆகியிருந்தது. விண்டேஜ் வண்டி என்று தனியாகப் பதிய 50 வயது ஆக வேண்டும், என் வண்டிக்கு அது 2026இல்தான். அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்டக் கூடாது, கண்காட்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம். எனக்கு அது வேண்டாம். இது வேலை செய்த வண்டி.

கடிதத்தில் கையெழுத்துப் போடத் தம்பி வந்தான். எங்களுக்குள் வீட்டுப் பங்கு விஷயத்தில் கொஞ்ச நாளாகப் பேச்சு குறைவு, உறவினர்களுக்குத் தெரிந்ததுதான். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனவன் ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் கியரைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். ஒன்றும் பேசவில்லை. போகும்போது, "சீட்டு துணிக்கு நான் பணம் அனுப்பறேன்ணே" என்றான். அக்கா மட்டும் நிபந்தனை போட்டாள். சின்ன வயதில் முன்பக்க நீள சீட்டில் அப்பாவோடு நானும் தம்பியும்தான் உட்காருவோம். அவள் எப்போதும் பின்னால், அம்மாவோடு. "முதல் பயணத்துல முன் சீட்டு எனக்கு. இல்லேன்னா கையெழுத்து கெடையாது." 66 வயது அவளுக்கு.

முன் சீட்டில்தான் வந்தாள். கோட்டூர் வரை போனோம், அப்பாவின் நோட்டில் இருந்த கடைசி ஊர். பதினோரு மணி வெயிலில் திரும்பும்போது வண்டி நின்றுவிட்டது. பெட்ரோல் பம்ப் இன்ஜின் சூட்டிலேயே இருப்பதால், வெயிலில் பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். ஈரத் துணியைப் பம்பின் மேல் சுற்றிக் காத்திருக்க வேண்டும். அப்பா எப்போதும் ஒரு துண்டும் கூஜாத் தண்ணீரும் வைத்திருப்பார், எதற்கென்று அன்றுதான் புரிந்தது. அக்காவின் முந்தானையில் பாதி நனைந்தது. ஆலமரத்தடியில் நின்ற எங்களைப் பார்த்து ஒரு பெரியவர் வந்து, வண்டியைச் சுற்றி வந்து, "டாக்டர் வண்டி வெள்ளையால்ல இருக்கும்?" என்றார். அதற்குமுன் நீலமாக இருந்தது அவருக்குத் தெரியாது போலும். அக்காதான் அவருக்கு விளக்கிச் சொன்னாள், இருபது நிமிஷம்.

செலவு கேட்டவர்களுக்கு: டிங்கர் வேலை 72,000, இன்ஜின் 58,000, பெயின்ட் 46,000, டயர், கண்ணாடி, வயர், சீட், அலைச்சல் எல்லாம் சேர்த்து மொத்தம் 2,90,000 சொச்சம். விற்றால் இந்தப் பணம் வராது. மகள் கணக்குப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நோட்டை மூடி வைத்தாள். கூலியாக அவர் வாங்கியது சொன்னதில் பாதி. மீதிக்குப் பதிலாக அவருடைய மகள் சனி, ஞாயிறுகளில் கணக்கும் அறிவியலும் படிக்க வருகிறாள், இந்த வருஷம் பத்தாம் வகுப்பு. மின்காந்தப் பாடத்துக்கு டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து கொடுத்தேன். பாயின்ட் இடைவெளியை அவள்தான் இப்போது வைக்கிறாள். போன வாரம் கொஞ்சம் அதிகமாக வைத்துவிட்டாள், ஏரிக்கரை போகும்வரை வண்டி இருமிக்கொண்டே வந்தது.

கடைசியாக ஒரு உதவி. இடது பின் விளக்கின் சிவப்புக் கண்ணாடியும், முன் கதவு முக்கோணக் கண்ணாடிக்கான ரப்பர் பீடிங்கும் இன்னும் கிடைக்கவில்லை. பெட்ரோல் முள்ளும் வேலை செய்யவில்லை, குச்சி விட்டுத்தான் அளக்கிறேன். யார் வீட்டுக் கொல்லையிலாவது பழைய பத்மினி கிடந்தால் சொல்லுங்கள், நானும் அவரும் வந்து பார்க்கிறோம். அதுவரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.